நான் காலி விடாத மூன்று வரிகள்

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்று பத்துக்கு எங்கள் ஸ்டேஷனில் ஐந்து பேர் இருந்தோம். உள்ளறையில் டெலிபோனைக் காதில் வைத்தபடி இன்ஸ்பெக்டர். வாசற்படியில், அப்போதுதான் ஓர் ஆளைப் பிடரியில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த கிரைம் ஏட்டு. தள்ளப்பட்ட அந்த ஆள், பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். சுவரோரப் பெஞ்சில் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்த மார்க்கெட் பீட் கான்ஸ்டபிள். ரைட்டர் மேஜையில் நான்.

இல்லாதவர்களையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் ரைட்டராக இருந்த ஏட்டு மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவில் போயிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குக் காரைக்கால் போயிருந்தார். அப்புறம், திருடனும் அங்கே இல்லை.

யார் இருந்தார்கள், யார் இல்லை என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு நாள் கழித்து, அப்படி ஒரு செவ்வாய்க்கிழமையே நடக்கவில்லை என்று எழுதச் சொன்னார்கள். எழுதச் சொன்னது என்னை.

பெயர்களை விட்டுவிடுகிறேன். எந்த ஸ்டேஷன் என்பதையும் விட்டுவிடுகிறேன். பாண்டி சின்ன ஊர், தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் இன்னும் அதே சிவப்புத் தொப்பியைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதை எழுதியதற்காக யாராவது என்னைக் கூப்பிட்டு விசாரித்தால், ஆமாம் நான்தான் எழுதினேன் என்று சொல்லுவேன். என் கையெழுத்தை நான் இல்லையென்று சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மில்லில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்தார். நான் ஏழாவது படித்தபோது மில்லில் தகராறு வந்து கொஞ்ச நாள் மூடித் திறந்தார்கள். திறந்த பிறகு அப்பாவுக்கு நாலு நாள் சம்பளம் குறைந்தது. கேட்கப் போனார். அந்த நாலு நாளும் வேலைக்கு வரவில்லை என்று ஒப்புக்கொண்டு நீயே கைநாட்டு வைத்திருக்கிறாயே என்று ஒரு காகிதத்தைக் காட்டினார்களாம். கைநாட்டு அப்பாவுடையதுதான். முன்பணத்துக்கான காகிதம் என்று சொல்லி வாங்கியிருந்தார்கள். அப்பா திரும்பி வந்து, வேலை செய்த நாலு நாளையும் விரல் விட்டு என்னிடம் எண்ணிக் காட்டினார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நான் நம்பவில்லையோ என்பதுபோல மறுபடியும் எண்ணினார். படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தானே வீட்டில்.

அதனால் எழுத்து என்றால் எனக்கு ஒரு பயமும் உண்டு, பிடிவாதமும் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, போலீஸில் சேர்ந்து, பயிற்சி முடிந்து வந்த சில மாதங்களிலேயே, கையெழுத்து அச்சுப்போல இருக்கிறது என்று ரைட்டருக்கு உதவியாக உட்காரவைத்துவிட்டார்கள். அந்த மாதம் முதல் தேதியிலிருந்து ரைட்டர் லீவு. ஸ்டேஷன் டைரி முழுக்க என் கையெழுத்து.

டைரி என்பது தடித்த அட்டை போட்ட பெரிய புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருக்கும். எத்தனை மணிக்கு யார் வந்தார், யார் போனார், என்ன நடந்தது என்று நேர வரிசைப்படி எழுத வேண்டும். சாயங்காலம் பக்கத்தின் அடியில் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவார். கிழிக்க முடியாது. நடுவில் இடம் விடக் கூடாது என்று விதி.

விதி அது. வழக்கம் வேறு. விசாரணைக்கு என்று ஓர் ஆளைக் கொண்டுவந்தால் உடனே எழுதமாட்டார்கள். மூன்று வரி காலி விட்டு, அடுத்ததை எழுதிக்கொண்டு போவார்கள். ஆள் ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்து அனுப்பிவிட்டால் காலி வரியில் ரோந்து என்றோ தபால் வந்தது என்றோ எதையாவது நிரப்பிவிடலாம். கைது என்று முடிவானால் எந்த நாளில் எந்த இடத்தில் என்று சௌகரியப்படி எழுதிக்கொள்ளலாம். அதுவரை உள்ளே இருக்கிற ஆளுக்கு ‘விருந்தாளி’ என்று பெயர். எந்த ரைட்டரும் புதிதாக வருகிறவனுக்கு இதைச் சொல்லித்தான் பேனாவைக் கொடுப்பார். எங்கள் ரைட்டர் கல்யாண அவசரத்தில் சொல்லாமல் போய்விட்டார்.

நான் எழுதினேன். “11.10. வெள்ளிச் சாமான் திருட்டு சம்பந்தமாக விசாரணைக்காக இன்னார் கிரைம் ஏட்டால் அழைத்துவரப்பட்டார். நடந்து வந்தார். உடம்பில் காயம் ஏதும் இல்லை.” மூன்று வரி. பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

திருட்டு நடந்தது மார்க்கெட்டுக்கு அருகே ஒரு பெரிய வீட்டில். பூஜையறை வெள்ளி மொத்தமும் போய்விட்டது. அதற்கு முதல் நாள் அந்த வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்கிப் போட்டவர் இந்த ஆள். சந்தேகப்பட அவ்வளவுதான் காரணம். வீட்டுக்காரர் செல்வாக்கானவர். மணிக்கு ஒரு தரம் போன் வந்தது. மூன்று நாளில் ஆள் கிடைக்கவில்லையென்றால் இன்ஸ்பெக்டரை ஏனாமுக்கு மாற்றிவிடுவோம் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். பாண்டி போலீஸில் இருப்பவனுக்குத்தான் அந்தச் சொல்லின் எடை தெரியும். நம்முடைய அரசாங்கம்தான், ஆனால் ஆந்திரக் கடற்கரையில், ஒரு பகல் ஓர் இரவு போக வேண்டிய தூரம். அந்தச் சமயம் இன்ஸ்பெக்டரின் மனைவி கோரிமேடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். தினமும் காலையில் பிளாஸ்க்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஸ்டேஷனுக்கு வருவார்.

அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வராது. ஓசி டீ குடிக்காதவர். நான் தபால் மூலம் பி.யு.சி. படிக்க ஆரம்பித்தபோது, பரீட்சை நாளில் எனக்கு டியூட்டி போடாதே என்று ரைட்டரிடம் சொன்னவர். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அவரைப்போல ஓர் அதிகாரியாக வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

மார்க்கெட் பீட் கான்ஸ்டபிள் இதற்கு நேரெதிர். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே சிப்பாயாகச் சேர்ந்தவர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ், ஒரு ஏட்டு பட்டைகூடக் கிடையாது. மார்க்கெட்டில் அவர் காசு கொடுத்து ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கி யாரும் பார்த்ததில்லை. மீன் விற்கிற பெண்கள் அவர் வருவது தெரிந்தால் நல்ல மீனைக் கூடைக்கு அடியில் தள்ளுவார்கள். எல்லாரையும் பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்பதற்குச் சொல்கிற மாதிரி ‘முசே’ என்பார், திட்டும்போதுகூட. எனக்கு அவர் வைத்த பெயர் நொத்தேரு. அந்தக் காலத்தில் பத்திரம் எழுதிக்கொடுத்தவர்களை அப்படித்தான் சொல்வார்களாம்.

நான் டைரியில் எழுதுவதை அன்று அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “என்னா நொத்தேரு, விருந்தாளிய ஏட்ல ஏத்திட்டியா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அன்று மத்தியானம் அந்த ஆளின் மனைவி வந்தார். ரெட்டியார்பாளையத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். புருஷனைப் போலீஸ் கூட்டிப்போனதாக மார்க்கெட்டில் சொன்னார்கள், இங்கேதானே இருக்கிறார் என்று கேட்டார். கிரைம் ஏட்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். இங்கே யாரையும் கொண்டுவரவில்லை, வேறு ஸ்டேஷனில் கேளுங்கள் என்று நான் சொன்னேன். காலையில் எழுதிய அந்த மூன்று வரியோடு டைரி மேஜைமேல் திறந்துகிடந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. டைரியை அவர் பார்த்த விதத்திலேயே அது எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் போகவில்லை. எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

புதன்கிழமை பின்னறையில் அடித்தார்கள். அடித்தது கிரைம் ஏட்டு. இன்ஸ்பெக்டர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினார். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பாஸ்போர்ட் விண்ணப்பங்களை அகரவரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கி முடித்துக் கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்கினேன். இதை யாரும் கேட்டு நான் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன். எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை.

வியாழக்கிழமை காலையில் அந்த ஆளின் வலது கை முழங்கைக்குக் கீழே பந்துபோல வீங்கியிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. மூட்டை தூக்குகிறவனுக்கு வலது கை. அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள ஒன்றும் இல்லாதவனை எவ்வளவு அடித்தாலும் என்ன வரும்?

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். கிரைம் ஏட்டு ஜன்னலோரம் நின்றிருந்தார். மேஜைமேல் புதிதாக ஒரு டைரிப் புத்தகம் இருந்தது. வெற்றுப் புத்தகம்.

திட்டத்தை ஏட்டு விளக்கினார். இன்று விடியற்காலை அந்த வீட்டுப் பின்சுவரில் ஏறிக் குதிக்கும்போது ஆள் பிடிபட்டான், குதித்ததில் கை ஒடிந்தது, மிச்சச் சாமான் எடுக்கத் திரும்பி வந்திருக்கிறான். கேஸ் முடிந்தது. இடைஞ்சல் என்னவென்றால் டைரியில் செவ்வாய்க்கிழமை நான் எழுதிவைத்த மூன்று வரி. அடித்து எழுதினால் தெரியும், பக்கத்தின் அடியில் இன்ஸ்பெக்டரின் கையெழுத்து வேறு இருக்கிறது. அதனால் மாதம் பிறந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் புதுப் புத்தகத்தில் நான் திருப்பி எழுத வேண்டும், அந்த மூன்று வரியை மட்டும் விட்டுவிட வேண்டும். ஒன்பது நாள் பக்கம்தான். டியூட்டி லிஸ்ட்டில் ரைட்டர் மேஜைக்கு என் பெயர் இருப்பதால் வேறு ஆள் எழுத முடியாது. மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம்.

இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொன்னார். அவர் முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“தம்பி, இதுவரைக்கும் உன்ன ஒரு தப்பு பண்ணச் சொல்லியிருக்கேனா?”

“இல்ல சார்.”

“வீட்ல அவங்க இருக்கிற நிலைமையில நான் ஏனாம் போவ முடியாது. உனக்கே தெரியும்.”

“தெரியும் சார்.”

“அப்புறம்?”

“அந்தாளு செவ்வாக்கிழம வந்தான் சார்.”

கிரைம் ஏட்டு சிரித்தார். படிச்ச பிள்ளைகளை எடுக்காதீர்கள் என்று நான் அப்போதே சொன்னேன் சார், என்றார். என் பக்கம் திரும்பி, உங்கப்பன் மில்லில் பஞ்சு பொறுக்குகிறவன், உன் சம்பளத்தில்தானே வீட்டில் அடுப்பு எரிகிறது, வேலை போனால் நீயும் போய் மூட்டை தூக்குவாயா என்று கேட்டார். அவர் கேட்டதில் பொய் ஒன்றும் இல்லை. தங்கைக்கு அந்த ஆவணியில் கல்யாணம் பேசியிருந்தோம். என் சம்பளத்தை நம்பித்தான் பேசியிருந்தோம்.

நான் வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. சட்டம் பேசவில்லை. சொல்ல வேண்டியதை மறுபடியும் சொன்னேன்.

“செவ்வாக்கிழம பதினொன்னு பத்துக்கு வந்தான் சார். நடந்து வந்தான். கை நல்லா இருந்துது. நான் பாத்துட்டுதான் எழுதினேன். மாத்தி எழுத மாட்டேன்.”

உத்தரவு போட்டால் எழுதுவாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். உத்தரவை எழுத்தில் கொடுத்தால் அதையும் நேரம் போட்டு டைரியில் ஏற்றிவிட்டு எழுதுகிறேன் என்றேன். துடுக்காகச் சொல்ல வேண்டுமென்று சொல்லவில்லை. உண்மையாகவே, அதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஏட்டு அறைய வருவதுபோல ஓர் அடி முன்னால் வந்தார்.

அப்போதுதான் மார்க்கெட் பீட்காரர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். வெளியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பையன் எழுதினாலும் பிரயோஜனம் இல்லை சார் என்றார்.

ஏன் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அவர் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். ஸ்டேஷனில் வைத்திருக்கிற ஆளுக்கு அரசாங்கம் சாப்பாட்டுக் காசு கொடுக்கும், ஆனால் ஆளின் பெயர் ஏட்டில் இருக்க வேண்டும். விருந்தாளிக்கு அது கிடையாது. செவ்வாய்க்கிழமை நான் பெயரை ஏற்றியதைப் பார்த்ததும் இவருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. மார்க்கெட்டில் ஒரு மெஸ்ஸில் ஓசியில் சோறு வாங்கி அந்த ஆளுக்குப் போட்டுவிட்டு, அரசாங்கத்திடம் காசுக்குச் சீட்டு எழுதியிருக்கிறார். அன்றன்றைக்கான சீட்டை மற்றத் தபாலோடு நீட்ட, இன்ஸ்பெக்டரும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு சீட்டும் மேல் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பெயர், தேதி, வேளை எல்லாம் அதில் இருக்கிறது. இன்றைக்கு உள்ளதையும் காலையிலேயே தபாலில் சேர்த்தாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஏட்டுக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். பிணத்து வாய் அரிசியைத் தின்கிறவன் என்றார். பீட்காரர் அதை மறுக்கவில்லை. சோறு போட்டேன், அது மட்டும் பொய்யில்லை, என்றார்.

கொஞ்சம் ஆறியதும் ஏட்டு வேறு வழி கண்டுபிடித்தார். அவர் அதில் கெட்டிக்காரர். சீட்டில் பெயரைத் தவறாக எழுதிவிட்டேன், வேறொரு கைதிக்குப் போட்ட சாப்பாடு அது, என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுத்துவிடு, உனக்கும் காசு எடுத்த குற்றம் போய்விடும், எங்களுக்கும் வேலை நடக்கும், என்றார். பார்க்கப்போனால் பீட்காரருக்கு அதுதான் லாபம். ஒரு காகிதத்தில் தப்பித்துவிடலாம். மாட்டேன் என்றால், காசு திருடினேன் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் அதுவரை மரியாதை இருந்ததில்லை. கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றே நினைத்தேன். பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“சார், இத்தினி வருஷமா மார்க்கெட்ல ஓசியில திங்கிறேன். என்னைத் திருடன்னு எழுதினா எழுதிக்குங்க, அது சரிதான். நான் தின்ன காயி, அரிசி எல்லாம் அவன் முதுவுல ஏறி வந்ததுதான். அந்த முசே கைய நாம ஒடச்சிட்டு செவுரு ஏறி விழுந்தான்னு சொல்றதுக்கு எனக்கு வாயி வராது. வுட்டுருங்க.”

இதைச் சொல்லிவிட்டு அவர் இன்ஸ்பெக்டரின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன், கை கறுத்துப்போனால் வெட்ட வேண்டிவரும், வா நொத்தேரு, என்றார். டெலிபோன் அடித்தது. இன்ஸ்பெக்டர் அதை எடுக்கவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஏட்டு மட்டும் வாசல்வரை வந்து, இந்தப் படியைத் தாண்டினால் ரெண்டு பேரும் யூனிபார்மை மறந்துவிடுங்கள் என்றார். நான் மேஜைக்குப் போய், டைரியில் நேரம் போட்டு, ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லப்படுகிறார், வலது கையில் வீக்கம், என்று எழுதினேன். எழுதிவிட்டுத்தான் தாண்டினேன்.

எதிரே வேப்பமரத்தடியிலிருந்து அந்த அம்மா எழுந்து ஓடி வந்தார். மூன்றாவது நாளாக அங்கேயே இருந்திருக்கிறார். புருஷனின் கையைப் பார்த்தார். அழவில்லை. முந்தானையைக் கிழித்து அந்தக் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூளிபோலக் கட்டினார். நாலு பேரும் கோரிமேடு பஸ்ஸில் ஏறினோம். அன்றும் பீட்காரர் டிக்கெட் எடுக்கவில்லை. கண்டக்டரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் நான் அந்த அம்மாவிடம், செவ்வாய்க்கிழமை உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

“தெரியும்பா. உள்ள அவரு இருமினாரு. பதினேழு வருஷமா பக்கத்துல படுத்துக் கேக்குற இருமலு, எனக்குத் தெரியாதா? நீ இல்லன்னு சொல்லச்சொல்ல உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

அதற்குமேல் அவர் என்னோடு பேசவில்லை. அவர் என்னை மன்னித்தார் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். யூனிபார்மைப் பார்த்து வழி விட்டார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எப்படி அடிபட்டது என்று கேட்டார். பின்னால் வரிசையில் பத்திருபது பேர் நின்றிருந்தார்கள்.

மூட்டை தூக்குகிறவர் எங்கள் இரண்டு பேரையும் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “வுழுந்துட்டேங்க” என்றார்.

அன்று காலை என்னை எந்தப் பொய்யை எழுத வைக்க ஸ்டேஷனில் பாடுபட்டார்களோ அதை அவரே சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். டாக்டர் எழுதிக்கொள்வார், கேஸ் முடியும், வேலை இருக்கும், தங்கை கல்யாணம் நடக்கும். டாக்டரின் பேனா காகிதத்தில் படப்போயிற்று.

“வுழல டாக்டர். ஸ்டேஷன்ல வெச்சு அடிச்சது.”

“யாரு அடிச்சது?”

“நாங்க” என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து, நான் சொன்னதைச் சரியாகக் கேட்டோமா என்பதுபோல பீட்காரரைப் பார்த்தார். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். செவ்வாய்க்கிழமை நல்ல கையோடு வந்தான், புதன்கிழமை ஒடிந்தது, எழுதிக்கோங்க என்றார். டாக்டர் எழுதினார். அடியில் சாட்சியாக எங்கள் இருவரின் பெயரும் நம்பரும் கேட்டார். கொடுத்தோம்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் காகிதங்களின் கதை. அந்த ஆள்மேல் கேஸ் போட முடியவில்லை. மாவுக்கட்டோடு மனைவியோடு ரெட்டியார்பாளையம் போனார். வெள்ளிச் சாமானைத் திருடியவன் கடைசிவரை கிடைக்கவில்லை. விசாரணை வந்தது. டைரியை இன்ஸ்பெக்டர் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். எரித்துவிடுவார் என்றே பயந்தேன். விசாரணை அதிகாரி வந்த அன்று அவரே அதை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். என் கையெழுத்துதான் என்றார். பார்க்காமல் போட்டீர்களா என்று, தப்பித்துக்கொள்ள வழி விட்டுத்தான் கேட்டார்கள். பார்த்தேனோ பார்க்கவில்லையோ, கையெழுத்து என்னுடையது என்றார். அந்த ஒரு பதிலுக்காக, கதவைச் சாத்திக்கொண்ட அந்தப் புதன்கிழமையை நான் மறக்கப்போவதில்லை. அந்தப் புதன்கிழமைக்காக, இந்தப் பதிலையும் மறக்கப்போவதில்லை.

அவரை ஏனாமுக்குத்தான் மாற்றினார்கள். மனைவியை எப்படிக் கூட்டிப்போனார், அங்கே யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு முகம் இல்லை. அடித்த ஏட்டுக்கு ஓர் எச்சரிக்கை, ஊருக்குள்ளேயே வேறு ஸ்டேஷன். இரண்டு வருஷத்தில் பதவி உயர்வும் வந்தது. தோளில் நட்சத்திரத்தோடு ஒருநாள் என் எதிரில் வந்தார். சல்யூட் அடித்தேன். நட்சத்திரத்துக்கு அடித்தேன்.

எங்கள் இரண்டு பேர் மேலும்தான் குற்றச்சாட்டு நின்றது. எனக்கு, மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை, அனுமதி இல்லாமல் காவலில் இருந்தவரை வெளியே கொண்டுபோனது. பீட்காரருக்கு அந்த இரண்டோடு சாப்பாட்டுக் காசு. ஆறு மாதம் சஸ்பெண்டு, பாதிச் சம்பளம். தங்கை கல்யாணம் அந்த வருஷம் நடக்கவில்லை. டாக்டரிடம் நான் என்ன சொன்னேன் என்று மட்டும் அப்பா ஒரு தரம் கேட்டார். சொன்னேன். மறுநாள் மறுபடியும் கேட்டார்.

அறிவு இருந்தால் அந்த மூன்று வரியைக் காலி விட்டிருப்பாய் என்று திரும்பி வந்த ரைட்டர் ஏட்டு என்னிடம் சொன்னார். இப்போது எனக்கு வழக்கம் தெரியும். தெரிந்த பிறகும் ஒரு வரி காலி விட்டதில்லை. அதனாலேயே என்னை ரைட்டர் மேஜைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. மார்க்கெட் பீட்டில் போட்டிருக்கிறார்கள். ஒடிந்த கை கூடிற்று, ஆனால் மூட்டை தூக்க வலுவில்லை. அந்த ஆள் இப்போது ஒரு வெங்காய மண்டியில் தராசு பிடிக்கிறார், இடது கையால். என்னைப் பார்த்தால் தலையசைப்பார், சில நாள் அசைக்கமாட்டார். அவர் இழந்ததற்கு யாரும் கணக்குப் போடவில்லை, நான் போட்டுச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

எங்களுடையதைச் சொல்லலாம். போன மாதம் ஓய்வுபெற்ற பீட்காரரோடு உட்கார்ந்து, வந்த உத்தரவுகளையெல்லாம் வைத்துக் கூட்டிப் பார்த்தோம். எனக்குப் பாதிச் சம்பளத்தில் போனது ஆயிரத்து அறுபத்தெட்டு, தள்ளிப்போன இன்கிரிமென்டில் நாற்பத்தெட்டு. அவருக்கு ஆயிரத்து இருநூற்று எழுபத்திரண்டு, இன்கிரிமென்டில் நூற்று நாற்பத்து நாலு, மூன்று நாள் சாப்பாட்டுக்குத் திருப்பிப் பிடித்தது நாலரை ரூபாய். நேர்மையாக இருப்பது முடியாத காரியம், அதற்கு நம்மால் விலை கொடுக்க முடியாது என்று இந்த வேலையில் எல்லாரும் சொல்கிறார்கள். விலையை யாரும் சொல்வதில்லை. இரண்டு கான்ஸ்டபிள்களுக்கும் சேர்த்து மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு ரூபாய் ஐம்பது காசு.